சிரித்துக்கொண்டே 'போதும்' என்றால், அது எந்தப் 'போதும்'?

மாடிவீட்டுக்காரி:
எனக்கு வயது 36, அவருக்கு 39. மடிப்பாக்கத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். கல்யாணமாகி எட்டு வருடம் கழித்துத்தான் வாயைத் திறந்தார்: கிச்சுகிச்சு மூட்டினால் அவருக்குப் பிடிக்குமாம். வெறும் விளையாட்டாக அல்ல. கையைக் கட்டிவிட வேண்டும், எப்போது நிறுத்துவது என்பதை நான் தீர்மானிக்க வேண்டும். நான் முதலில் சிரித்துவிட்டேன். அவர் முகம் சுருங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அலுவலகத்தில் நாற்பது பேரை மேய்க்கிறவர். வீட்டிலும் தண்ணீர் லாரிக்குச் சொல்வதிலிருந்து மாமியாரின் மாத்திரை வரை அவர் கணக்குத்தான். அத்தனையையும் அரைமணி நேரம் என் கையில் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார் என்பது எனக்குப் புரிய ஒரு மாதம் ஆயிற்று. மறைப்பானேன், இப்போது எனக்கும் பிடித்துவிட்டது. சனிக்கிழமை இரவு, ஒரு பருத்தித் துண்டு; வலது உள்ளங்காலின் குழியில் ஒரு விரலை வைத்தால் போதும், மேலாளர் காணாமல் போய்விடுவார்.

சிக்கல் இதுதான். "போதும், போதும்" என்று கத்துவதும் விளையாட்டில் சேர்த்தி. கேட்டு நிறுத்தினால், "ஏன் நிறுத்தினாய்?" என்கிறார். போன வாரம் நிறுத்தவில்லை. கடைசிவரை சிரித்துக்கொண்டேதான் இருந்தார். கட்டை அவிழ்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர், காலைக் காபி வரை பேசவில்லை. கடைசி இரண்டு நிமிடம் சொன்ன 'போதும்' நிஜமாம். சிரிக்கிற முகத்தை எப்படி நம்பாமல் இருப்பது?

நேர்வழி:
படுக்கையறை விஷயத்தை ஊருக்குச் சொல்வானேன்? நல்ல டாக்டராகப் பாருங்கள்.

கூச்சக்காரன்:
நேர்வழி அவர்களே, கதவைத் தட்டியது நீங்கள்தான்.

சகோதரி, நான் உங்கள் கணவரின் கட்சி; பத்து வருடமாகக் கட்டப்படுகிறவன். அந்தச் சிரிப்பைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள். முழங்காலில் தட்டினால் கால் உதைப்பதைப் போல அது தானாக வருவது. 1999இல் கிறிஸ்டின் ஹாரிஸ் என்ற உளவியலாளர் நடத்திய ஆய்வில், கிச்சுகிச்சு மூட்டுவது ஓர் இயந்திரம் என்று நம்பவைக்கப்பட்டவர்களும், மனிதக் கை என்று தெரிந்தபோது சிரித்த அளவுக்கே சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை வைத்துச் சம்மதம் என்றும் சொல்ல முடியாது, மகிழ்ச்சி என்றும் சொல்ல முடியாது.

பிறகு ஏன் கேட்கிறோம் என்பீர்கள். இதை நமக்கு நாமே செய்துகொள்ள முடியாது. நம் விரல் எங்கே போகும் என்பதைச் சிறுமூளை முன்கூட்டியே கணித்து, அந்த உணர்வை அடக்கிவிடுகிறது. 1998இல் லண்டனில் மூளையைப் படமெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அடுத்தவர் கைதான் வேண்டும், அது எங்கே வரும் என்று தெரியவும் கூடாது. தமிழில் கூச்சம் என்றால் இதுவும்தான், வெட்கமும்தான். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் போகிறது. ஆனால் கட்டுகிறவர் மேல் ஒரு துளி சந்தேகம் வந்தாலும், மிச்சமிருப்பது வெறும் வதை.

பெரம்பூர் செவிலி:
அடையாளச் சொல், அதாவது சொன்னதும் நிறுத்தியாக வேண்டிய ஒரு வார்த்தை, வைத்துக்கொள்ளுங்கள் என்று யாராவது சொல்வதற்குள் சொல்லிவிடுகிறேன்: இந்த விளையாட்டில் அதை மட்டும் நம்பக் கூடாது. சிரிப்பு முற்றினால் மூச்சை உள்ளே இழுக்கவே நேரம் இருக்காது, சொல் எங்கிருந்து வரும்? கையில் ஒரு பொருளைக் கொடுங்கள். அவர் அதைக் கீழே விட்டால் நீங்கள் நிறுத்த வேண்டும். மணிக்கட்டுக்கும் துண்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையட்டும், கத்தரிக்கோல் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். கை மரத்துப்போனால் உடனே அவிழ்த்துவிடுங்கள். வாயை மூடவே கூடாது. அவருக்கு ஆஸ்துமா உண்டா? பலமாகச் சிரித்தாலே இழுப்பு வரக்கூடும். தொடங்கும் முன் கழிவறைக்கு அனுப்பிவிடுங்கள். இது அனுபவம், மேலே கேட்காதீர்கள்.

மாடிவீட்டுக்காரி:
ஆஸ்துமா இல்லை. நேற்று எவர்சில்வர் டம்ளரைக் கையில் கொடுத்தேன். மூன்றாவது நிமிடத்தில் விட்டார். பத்தரை மணிக்கு அந்தச் சத்தம்! கீழ்வீட்டு அம்மா மாடிப்படியில் நின்று, "யாராவது விழுந்துவிட்டீர்களா?" என்று கேட்டார். கட்டிலில் இருந்தவர் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு, நான் மூட்டியதைவிடப் பெரிது.

கூச்சக்காரன்:
எலுமிச்சம்பழம் கொடுத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் அதுதான்.

மாடிவீட்டுக்காரி:
கொடுத்தேன். கொஞ்ச நேரத்திலேயே விழுந்தது, நிறுத்தினேன். "ஐயோ, அது வழுக்கி விழுந்தது, தொடரு" என்று கெஞ்சினார். விழுந்தால் விழுந்ததுதான் என்று அவிழ்த்துவிட்டேன். கொஞ்சம் முறைத்தார். பிறகு என் தோளில் தலை வைத்து, அலுவலகத்தில் நடந்த ஏதோ ஒரு சண்டையைப் பன்னிரண்டு மணி வரை சொல்லிக்கொண்டிருந்தார். எட்டு வருடத்தில் அலுவலகத்தைப் பற்றி அவர் இவ்வளவு பேசியதில்லை. பழம் பீரோவுக்கு அடியில் உருண்டுபோய்விட்டது. இன்று பெருக்கும்போதுதான் கிடைத்தது.