பாட்டு வருகிறது, பேச்சு வரவில்லை: 19 மாதக் குழந்தைக்குச் செவிப் பரிசோதனை தேவையா?

கேள்வி: சோமனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாய்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகளுக்கு இந்த வாரம் 19 மாதம் நிறைவடைகிறது. ஏழாம் மாதத்தில் உட்கார்ந்தாள், 13ஆம் மாதத்தில் நடந்தாள், இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வாசற்படி ஏறி இறங்குகிறாள். அவற்றில் எங்களுக்குக் கவலை இல்லை. பேச்சைப் பற்றித்தான் கேட்க விரும்புகிறேன்.

அவளுக்குப் பாட்டு நன்றாக வருகிறது. என் தாயார் தொட்டிலை ஆட்டிக்கொண்டு பாடும் தாலாட்டின் மெட்டை, ஏற்ற இறக்கம் பிசகாமல், தனியாகப் படுத்திருக்கும்போது அவளே முனகுகிறாள். மாரியம்மன் நோம்பியில் பறையடி கேட்டதும் முழங்காலை மடக்கி மடக்கி ஆடினாள். ஆனால் சொற்கள் என்று எடுத்துக்கொண்டால் அம்மா, அப்பா, மம்மு ஆகிய மூன்றுதான் தெளிவாக உள்ளன. அப்புச்சியை (என் அப்பாவை) 'அப்பூ, ஈ' என்றும், காக்காவை 'ஆ, ஆ' என்றும் சொல்கிறாள். நான்கைந்து மாதங்களாக இவற்றுக்கு மேல் ஒரு சொல்லும் சேரவில்லை.

எங்கள் வீட்டை ஒட்டியே தறிக்குடோன் இருக்கிறது. எட்டு விசைத்தறிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அவளுக்கு நான்கு முறை சளி பிடித்துவிட்டது. பிறந்த மறுநாள் மருத்துவமனையில் செய்த செவிப் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். 'இவ்வளவு அழகாகப் பாடுகிற குழந்தைக்குக் காதில் என்ன குறை இருக்கும்' என்று மாமியார் கேட்கிறார். அவளுடைய அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, மூன்று வயதில்தான் பேசினாராம். நாக்கில் வசம்பு தேய்க்கச் சொல்கிறார்கள் உறவினர்கள். தறி ஓட்ட வந்திருக்கும் பீகார் குடும்பத்துப் பெண் அவளோடு இந்தியில் கொஞ்சுவதால் குழப்பம் ஏற்பட்டிருக்குமோ என்றும் ஒருவர் சொன்னார். இரண்டு வயது வரை பொறுத்திருக்கலாமா, இப்போதே காட்ட வேண்டுமா?

பதில் 1: கோபிசெட்டிபாளையத்திலிருந்து, பணி நிறைவு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர்

அம்மணி, சொற்களை எண்ணுவதற்கு முன்பு குழந்தையின் விரலைப் பாருங்கள் என்றுதான் நான் எப்போதும் தாய்மார்களிடம் சொல்வேன். வேண்டியதைச் சுட்டிக் காட்டுகிறாளா, வேண்டாவிட்டாலும் 'அதோ பார்' என்பதற்காகவே வானத்து விமானத்தைச் சுட்டி உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறாளா, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறாளா, கையால் சைகை காட்டாமல் 'செருப்பை எடுத்து வா' என்றால் எடுத்து வருகிறாளா? இவை இருந்தால் பேச்சுக்கான அடித்தளம் இருக்கிறது. இவை இல்லாமல் பாட்டு மட்டும் வரிவரியாக வந்தால், அந்தப் பாட்டை வைத்து ஆறுதல் அடையக் கூடாது.

நம் முன்னோர் இதை நன்கு கவனித்தே வைத்திருக்கிறார்கள். பிள்ளைத்தமிழில் குழந்தை தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை, கைகொட்டுவது சப்பாணி, நிலவை விளையாட அழைப்பது அம்புலி. தால் என்றால் நாக்கு, நாக்கை அசைத்துப் பாடுவதால்தான் அது தாலாட்டு. உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, ஒவ்வொரு விரலுக்கும் சோறு ஊட்டி, அக்குள் வரைக்கும் நண்டு ஊர விடுகிறோமே, அந்த விளையாட்டில் குழந்தை அடுத்து வரப்போவதை எதிர்பார்த்து உங்கள் கண்ணைப் பார்க்கும். அந்தப் பார்வையைக் கவனியுங்கள்.

வசம்பு வேண்டவே வேண்டாம். அதில் உடலுக்குக் கேடு தரும் பொருள் உண்டு. பேச்சைக் கொண்டுவரும் என்பதற்கு நான் பார்த்த அளவில் ஓர் ஆதாரமும் கிடையாது.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வரும். வளர்ச்சித் தாமதத்தையும் அவர்கள் பார்க்கிறார்கள். ஆனால் அவர்கள் வரும் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள்.

பதில் 2: சத்தியமங்கலத்திலிருந்து ஒரு தந்தை

இந்தியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் கன்னடம், தெருவில் தமிழ். மகன் இரண்டு வயதில் அதிகம் பேசாதபோது, ஒரு மொழியை விட்டுவிடுங்கள் என்று ஒருவர் அறிவுரை சொன்னார். நாங்களும் அதை நம்பி, கன்னடம் மட்டுமே சரளமாகப் பேசத் தெரிந்த என் தாயாரைக் குழந்தையிடம் வாய் திறக்க விடாமல் ஐந்து மாதங்கள் வைத்திருந்தோம். அவன் பேச்சு அதனால் கூடவில்லை, பாட்டியின் கதைகளை இழந்ததுதான் மிச்சம். பின்னர் சந்தித்த பேச்சுப் பயிற்சியாளர், இரு மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்றும், இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் உண்டாவதில்லை என்றும் விளக்கினார். அந்தப் பீகார்ப் பெண் உங்கள் குழந்தையோடு அன்பாகப் பேசுவதைத் தடுக்காதீர்கள்.

பதில் 3: ஈரோட்டிலிருந்து, செவித்திறன் மற்றும் பேச்சு வல்லுநர்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு வயது வரை காத்திருக்க வேண்டாம், இந்த மாதமே செவிப் பரிசோதனை செய்துவிடுங்கள். குழந்தையைப் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்ல முடியாது என்பதால், ஏன் அவ்வாறு நினைக்கிறேன் என்பதை மட்டும் விளக்குகிறேன்.

பாட்டின் மெட்டை ஏந்தி வருவது உயிரொலி. அது உரத்தது, நீளமானது, தறிச் சத்தத்தையும் ஊடுருவி ஓரளவு வந்து சேரும். சொல்லைச் சொல்லாக்குவது மெய்யொலி. இலக்கணம் வல்லினம் என்று பெயர் சூட்டியிருந்தாலும், க், ச், ட், த், ப் ஆகியவை ஓசையில் மெலிந்தவை, நொடியின் சிறு பகுதியில் முடிந்துவிடுபவை. மெல்லினமான ம், ன் ஆகியவைதான் காதுக்கு எளிதில் எட்டுகின்றன. ஆகவே கேட்கும் திறன் சற்று மங்கினாலும், அல்லது சுற்றிலும் இரைச்சல் மிகுந்தாலும், முதலில் காணாமற் போவது வல்லினம். மெட்டு மிஞ்சி நிற்கும். உங்கள் மகளின் சொற்களை இந்தக் கண்ணோடு பாருங்கள். அம்மாவும் மம்முவும் மகர ஒலியால் ஆனவை. அப்பாவில் உள்ள பகரம் உதட்டில் கண்ணுக்குத் தெரிகிறது. அப்புச்சியில் பகரம் நிற்கிறது, வாய்க்குள் ஒலிக்கும் சகரம் விழுந்துவிட்டது. காக்காவில் ககரம் முழுவதும் விழுந்துவிட்டது. இந்த வயதில் காக்காவைத் 'தாத்தா' என்று ககரத்தைத் தகரமாக மாற்றிச் சொல்வது மிக இயல்பு, ழகரமும் றகரமும் வர இன்னும் சில ஆண்டுகள் கூட ஆகலாம். மெய்யே இல்லாமல் உயிரை மட்டும் சொல்வதும் சில குழந்தைகளிடம் தானாகச் சரியாகிவிடுவது உண்டு. ஆயினும் சளி, தறி, நின்றுபோன சொல்வளர்ச்சி ஆகிய மூன்றும் உடன் இருப்பதால் நான் பொறுத்திருக்க மாட்டேன்.

பிறந்தபோது செய்த பரிசோதனை அன்றைய செவியைப் பற்றியது. சிறு குழந்தைகளுக்கு மூக்கின் பின்புறத்தையும் நடுச்செவியையும் இணைக்கும் குழாய் குட்டையாகவும் படுக்கை வாட்டத்திலும் இருப்பதால், அடிக்கடி சளி பிடிக்கும்போது செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கலாம். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, காதில் சீழ் வராது. காதை விரலால் அடைத்துக்கொண்டு கேட்பது போல உலகம் மங்கலாகக் கேட்கும், அவ்வளவுதான். பின்னாலிருந்து தட்டைத் தட்டிப் பார்த்தோம், திரும்பினாள் என்று பலர் சொல்வார்கள். தட்டுச் சத்தம் கேட்கிற குழந்தைக்குச் சகரம் கேட்காமல் இருக்கக்கூடும்.

டிம்பனோமெட்ரி என்ற சோதனை ஓரிரு நிமிடங்களில் செவிப்பறையின் அசைவைக் காட்டிவிடும். தேவைப்பட்டால், ஒலிக்குச் செவி நரம்பும் மூளைத்தண்டும் காட்டும் எதிர்வினையை அளக்கும் பெரா (BERA) சோதனையைக் குழந்தை தூங்கும்போது செய்வார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உள்ள மாவட்ட ஆரம்பகட்ட இடையீட்டு மையத்தை அணுகலாம். விரிவான ஆய்வு தேவைப்பட்டால் மைசூரில் 1965 முதல் இயங்கிவரும் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவிப்புல நிறுவனம் நமக்குத் தொலைவில் இல்லை.

அளவுகோலைப் பொறுத்தவரை, அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2022இல் திருத்திய பட்டியலில், 18 மாதக் குழந்தை அம்மா, அப்பா தவிர மூன்று சொற்களையாவது சொல்ல முயலும் என்றும், 24 மாதத்தில் இரண்டு சொற்களைச் சேர்க்கும் என்றும் இருக்கிறது. மழலையாகச் சொன்னாலும் ஒரே பொருளுக்கு ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அதைச் சொல்லாகவே எண்ணுங்கள். அப்படிப் பார்த்தால் உங்கள் மகள் வெகுதூரம் பின்தங்கவில்லை. புதிய சொற்கள் சேராமல் நின்றதுதான் என்னை உறுத்துகிறது. அங்கன்வாடி அம்மா சொன்ன சுட்டுதலும் பெயருக்குத் திரும்புதலும் குறைவாக இருந்தால் அதையும் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

நாக்குக்கட்டு, அதாவது நாக்கின் அடியில் உள்ள சவ்வு குட்டையாக இருப்பது, இருந்தால் ஓரிரு ஒலிகள் திருந்தாமல் போகலாம், பேச்சு வராமல் போகாது. கைபேசியில் பாட்டு போட்டுக் காட்டுவதும் உதவாது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. இந்த வயதில் தேவைப்படுவது எதிரில் ஒரு முகம். உங்கள் தாயார் தொட்டிலுக்குப் பின்னால் நின்று பாடாமல், வெளிச்சத்தில், அவள் முகத்துக்கு நேரே ஒரு முழத் தொலைவில் அமர்ந்து பாடட்டும். வரியின் கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்துக் காத்திருக்கட்டும். எந்த ஒலி வந்தாலும் அதை ஏற்றுக்கொண்டு, சரியான சொல்லைத் தெளிவாகச் சொல்லிப் பாட்டைத் தொடரட்டும். திருத்த வேண்டாம், 'சொல்லு, சொல்லு' என்று வற்புறுத்தவும் வேண்டாம். கொங்கு நாட்டில் குழந்தையைக்கூட 'வாங்க சாமி, சாப்பிடுங்க' என்று அழைக்கிறோம் அல்லவா, அந்த நீட்டலும் இழுவையும் குழந்தையின் காதுக்கு மிகவும் ஏற்றவை. அதை மாற்றிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி கேட்ட தாய், மூன்று வாரங்களுக்குப் பிறகு

அனைவருக்கும் நன்றி. பரிசோதனை முடிந்தது. டிம்பனோமெட்ரி வரைபடத்தில் இரண்டு காதுகளுக்கும் கோடு மேடில்லாமல் தட்டையாக வந்திருக்கிறது, செவிப்பறைக்குப் பின்னால் நீர் இருக்கிறது என்றார் காது மூக்கு தொண்டை மருத்துவர். பெரும்பாலும் மூன்று மாதங்களுக்குள் தானாக வற்றிவிடும், அதன்பின் மீண்டும் பார்த்து முடிவு செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார். உட்செவி நரம்பில் குறை இல்லை. சுட்டிக் காட்டுவதும் பெயருக்குத் திரும்புவதும் நன்றாகவே இருக்கின்றன. தறி நின்றிருக்கும்போது உடனே திரும்புகிறாள், ஓடும்போது திரும்புவதில்லை. இந்த வேறுபாட்டை நாங்கள் இத்தனை நாளும் கவனிக்காமல் இருந்தோமே என்பதுதான் என் வருத்தம்.

தொட்டிலைக் குடோன் சுவரிலிருந்து எடுத்து மாட்டுக்கொட்டகைப் பக்கத்து அறையில் கட்டிவிட்டோம். மாமியாரே கயிறு மாற்றிக் கட்டினார். அம்மிச்சி (என் தாயார்) இப்போது எதிரில் உட்கார்ந்துதான் பாடுகிறார். ஆனால் வரியை நிறுத்தினால் குழந்தை எங்கள் வாயையே பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கிறாள், நாங்களும் பொறுக்க முடியாமல் சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்?

பதில்: ஈரோட்டிலிருந்து, செவித்திறன் மற்றும் பேச்சு வல்லுநர்

மனதுக்குள் பத்து வரை மெதுவாக எண்ணுங்கள். பெரியவர்களுக்கு அது நீண்ட நேரமாகத் தோன்றும், குழந்தைக்கு அந்த நேரம் தேவை. வாயைப் பார்க்கிறாள் என்பது நல்ல செய்தி, ஒலி எங்கே பிறக்கிறது என்று தேடுகிறாள். ஒரு வாரம் முழுவதும் ஒரே பாட்டு, ஒரே இடத்தில் நிறுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 'மா' என்று முடிகிற வரியை எடுங்கள், ககரத்துக்குப் பிறகு வரலாம்.