சமநிலை விசையா, சமன்பட்ட விசையா? ஒரு பயிற்சித்தாளுக்குச் சொல் தேவை

விஞ்ஞான ஆசிரியை, கொக்குவில்:

எல்லோருக்கும் வணக்கம். பத்தாந்தரப் பிள்ளைகளுக்கு விசை பற்றிய பயிற்சித்தாள் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். ஒரு பொருளில் தாக்கும் விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்தால் ஒரு பெயர், ஈடுசெய்யாவிட்டால் இன்னொரு பெயர். இந்தச் சோடிதான் வேண்டும்.

‘சமநிலை விசை’, ‘சமநிலையற்ற விசை’ என்ற சொற்கள் புழக்கத்தில் இருக்கின்றன. ஆனால் தாளில் ஒரு படம்: பெட்டியின் இரு பக்கமும் 20 நியூட்டன் அம்புக்குறி. ‘பெட்டி ஏற்கெனவே வலப்பக்கமாகச் சீரான வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது, இனி என்ன நடக்கும்?’ என்பது கேள்வி. வகுப்பில் பெரும்பாலானோர் ‘நின்றுவிடும்’ என்று எழுதுகிறார்கள். ஏனென்று கேட்டால், “சமநிலை என்றுதானே மிஸ் போட்டிருக்கு” என்கிறார்கள். ‘நிலை’ என்றதும் ‘நிற்பது’ என்றுதான் விளங்குகிறது. நிற்கச் சொல்லாத ஒரு சொல் இருந்தால் தாருங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வட்டுக்கோட்டை:

பிள்ளை, ‘நிலை’ என்றால் நிற்பது மட்டுமல்ல, இருக்கும் தன்மையும்தான். ஓடும் நிலை, உறங்கும் நிலை என்கிறோமே. இருந்தாலும் உமக்கு வேண்டிய வினையை வள்ளுவர் நடுவு நிலைமையில் வைத்திருக்கிறார்: ‘சமன்செய்து சீர்தூக்கும் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை’. சமன்செய்த விசை, சமன்செய்யா விசை என்று போடும். இன்னும் இறுக்கமாக வேண்டுமென்றால் கோடா விசை, கோடிய விசை. ஒருபக்கம் சாய்ந்தால் கோடியது, சாயாவிட்டால் கோடாதது. இதைவிட அழகான சோடி கிடைக்குமா?

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

ஐயா, அழகுதான். ஆனால் ‘கோடிய விசை’ என்று படிக்கும் பிள்ளைக்கு நூறு இலட்சம்தான் நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்தில் நீதிமன்றத்தையும் ‘கோடு’ என்பீர்கள் என்று கேள்வி. சமன்செய் எனக்குச் சம்மதம்.

பொறியியலாளர், பருத்தித்துறை:

எனக்குச் சம்மதமில்லை. ‘சமம்’ வடசொல். தமிழில் ஈடு, நிகர், ஒப்பு என்று இத்தனை இருக்க ஏன் அங்கே போகவேண்டும்? நிகர்விசை, நிகரா விசை என்று வைப்போம். வள்ளுவர் ஆண்டதனால் ஒரு சொல் தமிழாகிவிடாது; ‘ஆதி பகவன்’ என்றும்தான் ஆண்டார். மானிப்பாயில் கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த மண் இது. நாம் இன்னும் கடன் வாங்கிக்கொண்டிருக்கலாமா?

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

அண்ணா, ‘நிகர்’ மட்டும் வேண்டாம். இங்கே ‘நிகர விசை’ என்றால் எல்லா விசைகளையும் கூட்டிக் கழித்தபின் மிஞ்சுவது; நீங்கள் ‘விளையுள்’ என்கிறீர்களே, அது. ‘நிகர்விசையில் நிகர விசை பூச்சியம்’ என்று ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள், யாருக்குப் புரியும்? ஏற்கெனவே உங்கள் ‘நிறை’ எங்களுக்கு எடை, எங்கள் ‘நிறை’ உங்களுக்குத் திணிவு. இன்னொரு குழப்பம் வேண்டாமே.

பொறியியலாளர், பருத்தித்துறை:

அதற்குக் காரணம் இரு கரையும் ஒன்றையொன்று கேளாமல் சொல் ஆக்கியதுதான். ஆனால் ஒரு பொருள் தன் இயக்க மாற்றத்தை எதிர்க்கும் தன்மைக்கு உங்கள் ‘நிலைமம்’ எங்கள் ‘சடத்துவ’த்தை விட எவ்வளவோ மேல். ‘சடம்’ என்றால் உயிரற்றது. ஓடுகிற மனிதனுக்கும் அந்தத் தன்மை உண்டே.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வட்டுக்கோட்டை:

தம்பி, நிலைமத்திலும் அதே ‘நிலை’தானே இருக்கிறது? பிள்ளை அதற்குத்தானே பயப்படுகிறா. சமன் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ’ என்று தொல்காப்பியர் வழி விட்டிருக்கிறார். ‘சமன்’ என்பதில் எந்த எழுத்து வடவெழுத்து?

பௌதிகவியல் விரிவுரையாளர், திருநெல்வேலி:

சரி, கொஞ்சம் பௌதிகவியலும் கதைப்போம். எந்தச் சொல்லை எடுத்தாலும் அது மூன்று இடத்தில் தடுக்கி விழக்கூடாது.

முதலாவது, ஆசிரியை சொன்னது. நல்லூர்த் தேரை எடுங்கள். வடத்தை இழுத்தும் அசையாமல் நிற்கும்போது விளையுள் பூச்சியம். வெளிவீதியில் நேராக, ஒரே சீராக உருளும்போதும் விளையுள் பூச்சியம்தான்; இழுவையும் உராய்வும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. சில்லு முதல் அரை அடி அசைகிறதே, அப்போதுதான் இழுவை மிஞ்சுகிறது, ஆர்முடுகல் (வேகம் மாறும் வீதம்) வருகிறது. முட்டுக்கட்டை கொடுத்து வேகத்தைக் குறைக்கும்போது எதிர்ப்பக்கம் மிஞ்சுகிறது. மூலையில் திரும்பும்போது கதி மாறாவிட்டாலும் திசை மாறுகிறது; அங்கேயும் விளையுள் பூச்சியமல்ல. நியூட்டன் 1687இல் எழுதிய முதல் விதி இவ்வளவுதான்: விளையுள் இல்லாவிட்டால் இருந்த இயக்கம் அப்படியே இருக்கும். பிள்ளைகள் விசையை இயக்கத்துக்குக் காரணம் என்று நினைக்கிறார்கள். இயக்க மாற்றத்துக்குத்தான் அது காரணம்.

இரண்டாவது, ‘சமவிசை’ என்று யாராவது சுருக்கப் பார்ப்பார்கள். விடாதீர்கள். இரண்டு விசைகள் பருமனில் சமமாக, எதிரெதிராக இருந்தாலும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் பொருளைச் சுழற்றும். தண்ணீர்க் குழாயின் திருகைத் திறப்பது அப்படித்தான்.

மூன்றாவது, ‘எதிர்விசை’ என்ற வாடை எதுவும் வரவேண்டாம். தாக்கமும் மறுதாக்கமும் வேறுவேறு பொருள்களில் தாக்குபவை, ஒன்றையொன்று ஈடுசெய்யமாட்டா. இங்கே நாம் பேசுவது ஒரே பொருளில் தாக்கும் விசைகளை.

என் விருப்பம் ‘சமன்பட்ட’, ‘சமன்படாத’. ‘சமன்செய்த’ என்றால் யார் செய்தது என்று பிள்ளை தேடும். விசைகளை யாரும் உட்கார்ந்து சமன்செய்வதில்லை, அவை தாமாகச் சமன்படுகின்றன. கணிதத்தில் ‘சமன்பாடு’ அதே வினையிலிருந்துதான் வந்தது. பிள்ளைக்குச் சொல் புதிதல்ல.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வட்டுக்கோட்டை:

தன்வினை, பிறவினை நியாயம் சரிதான். ஏற்கிறேன். ஆனால் துலாவை ஒருவரும் நினைக்கவில்லையே! நிறைகோலுக்கும் துலா என்றே பெயர், எங்கள் தோட்டக் கிணற்றில் நீர் இறைக்கும் ஏற்றமும் துலாதான். நிறைந்த வாளி ஒரே வேகத்தில் மேலே வரும்போது கயிற்றின் இழுவையும் வாளியின் நிறையும் சமன். வாளி நிற்கவில்லை, வந்துகொண்டே இருக்கிறது! ‘துலாவிசை’ என்று சொன்னால் பாடம் முழுவதும் அந்தச் சொல்லுக்குள்ளே வந்துவிடும்.

விஞ்ஞான ஆசிரியை, கொக்குவில்:

ஐயா, என் வகுப்பில் துலா மிதித்துப் பார்த்த பிள்ளை ஒன்றும் இல்லை. எல்லா வீட்டிலும் மோட்டர்தான். ஆனால் வாளிக் கணக்கைத் தாளில் சேர்த்துக்கொள்கிறேன், நல்ல கேள்வி. பெட்டிக் கேள்வியையும் நீட்டியிருக்கிறேன்: திணிவு 5 கிலோகிராம், வலப்பக்கம் 30 நியூட்டன், இடப்பக்கம் 20. விளையுள் வலப்பக்கம் 10, ஆர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் 2 மீற்றர். இப்போது பெட்டி இடப்பக்கம் போய்க்கொண்டிருந்தால் என்ன நடக்கும் என்பதையும் கேட்கப்போகிறேன். முதலில் வேகம் குறையும், ஒரு கணம் நிற்கும், அப்புறம் வலப்பக்கம் திரும்பும்.

சொல்லுக்கு வருவோம். சமன்பட்ட விசைகள், சமன்படாத விசைகள் என்று போடுகிறேன். முதன்முறை வரும் இடத்தில் மட்டும் ‘சமநிலை விசைகள் என்றும் சொல்வர்’ என்று ஒரு வரி இருக்கும். பரீட்சைத் தாளில் பழைய சொல் வந்தால் பிள்ளைகள் திகைக்கக்கூடாது.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

சரி.

பௌதிகவியல் விரிவுரையாளர், திருநெல்வேலி:

சரி. ‘சமன்படாத’ என்பதற்குப் பதில் ‘சமன்படா’ என்று சுருக்கவேண்டாம். வாசிக்கும்போது ‘சமன்பாடா?’ என்று கேட்பதுபோல ஒலிக்கும்.

பொறியியலாளர், பருத்தித்துறை:

அச்சுக்குப் போகவேண்டியது போகட்டும், மறிக்கவில்லை. ஆனால் என் மறுப்பைப் பதிந்துவையுங்கள். ‘ஈடுபட்ட’ என்பதற்கு வேறு பொருள் வந்துவிட்டது என்பதற்காக ‘ஈடு’ என்ற வேரையே கைவிடமுடியாது. ‘ஈடான விசைகள்’, ‘ஈடாகாத விசைகள்’ என்பதில் என்ன குறை என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. ஆசிரியையே முதல் மடலில் ‘ஈடுசெய்தால்’ என்றுதான் எழுதினா. விரிவுரையாளரும் ‘ஈடுசெய்யமாட்டா’ என்றார். விளக்க வரும்போது எல்லோருக்கும் அந்தச் சொல்தான் வருகிறது. பெயர் வைக்கும்போது மட்டும் ஏன் வரக்கூடாது?