ஆர்க்கைவ் ஆலோசனைக் குழுவில் நூலகர்களுக்கு என்ன வேலை?

கரிசல்காடு:
ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாக ஏற்றவும் படிக்கவும் இருக்கிற ஆர்க்கைவ் தளத்தைப் பற்றித்தான் கேட்கிறேன். இயற்பியலாளர் பால் கின்ஸ்பார்க் 1991-ல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ஒரு கணினியை வைத்துத் தொடங்கியது. 2001-ல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போனது. பிறகு அறிவியலாளர்களுக்கு ஓர் ஆலோசனைக் குழு, பணம் தரும் நூலகங்களுக்குத் தனியாக இன்னொன்று என்று வந்துவிட்டது. எழுதுகிறவரும் படிக்கிறவரும் ஆராய்ச்சியாளர்கள். நடுவில் நூலகர்களுக்கு எதற்கு நாற்காலி?

நூலக எலி:
கார்னெலால் செலவைத் தனியாகச் சுமக்க முடியவில்லை. 2010-ல் அதிகம் பயன்படுத்தும் பல்கலைக்கழகங்களிடம்தான் கை நீட்டியது. ஆண்டுதோறும் பணம் கட்டுகிறவர் கணக்குக் கேட்கக்கூடாது என்றால் எப்படி? விறகு எங்களுடையது, சமையலறைக்குள் மட்டும் வரக்கூடாதா?

கரிசல்காடு:
கணக்குக் கேளுங்கள், யார் தடுத்தார்கள்? எந்தத் துறையைச் சேர்ப்பது, எதைத் திருப்பி அனுப்புவது என்பதில் தலையிடாதீர்கள் என்கிறேன்.

நூலக எலி:
அதற்குத்தான் குழுவையே இரண்டாகப் பிரித்தார்கள். நீங்கள் கேட்பது ஏற்கெனவே இருக்கிறது ஐயா.

வாசுகி:
இருவரும் நாற்காலிக்குச் சண்டை போடுகிறீர்கள். வீடு யார் பெயரில் இருக்கிறது? மொழியியல் இதழ் லிங்குவாவில் 2015-ல் என்ன நடந்தது? இதழை நியாயமான கட்டணத்தில் திறந்த அணுக்கத்துக்கு, அதாவது யாரும் இலவசமாகப் படிக்கும்படி, மாற்றச் சொன்னார்கள் அதன் ஆசிரியர்கள்; பதிப்பகமான எல்சவியர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆறு ஆசிரியர்களும் 31 பேர் கொண்ட ஆசிரியர் குழுவும் மொத்தமாக வெளியேறினார்கள். பெயர் எல்சவியரிடமே தங்கிவிட்டது. வெளியே வந்தவர்கள் குளோசா என்று புதிய இதழ் தொடங்க வேண்டியதாயிற்று. அவ்வளவு பெரிய அறிஞர்கள் ஒன்றாக நின்றும் பெயரைக்கூட எடுத்துவர முடியவில்லை. எனவே இப்படி ஒரு தளத்துக்குக் குழுவை நியமிக்கும் முன், தளத்தின் பெயரும் கோப்புகளும் யாருக்குச் சொந்தம் என்பதை எழுதி வாங்குங்கள். அப்புறம் ஆள் தேடலாம்.

அரைகுறை இயற்பியல்:
வாசுகி சொல்வது சரி. ஆனால் கட்டுரை ஏற்றுகிறவனின் கஷ்டம் வேறு. இதழில் வரும் முன்பே கட்டுரையை ஏற்றும் ஒரு முன்பதிப்புத் தளத்தில் என் கட்டுரை மூன்று வாரம் 'நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்றே கிடந்தது. காரணமும் சொல்லவில்லை, யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. ஆர்க்கைவ் மீது இதே மாதிரிக் கோபத்தில்தான் 2009-ல் சிலர் அதன் பெயரையே (arXiv) திருப்பிப் போட்டு விக்ஸ்ரா (viXra) தொடங்கினார்கள். அங்கே வடிகட்டி என்று பெரிதாக எதுவும் வைக்கவில்லை. என்ன சேர்ந்தது என்று போய்ப் பாருங்கள்! ஆலோசனைக் குழுவில் முறையீடு கேட்க மட்டும் ஒருவர் இருந்தால் போதும்.

கரிசல்காடு:
வடிகட்டி கூடினால் ரஷ்யக் கணிதவியலாளர் பெரல்மான் மாதிரி ஆட்கள் வரமாட்டார்கள். நெடுங்காலம் தீராத கணிதப் புதிரான பொங்காரே ஊகத்துக்கான நிரூபணத்தை 2002-03-ல் ஆர்க்கைவில்தான் போட்டார். இதழ் எதற்கும் அனுப்பவில்லை.

அரைகுறை இயற்பியல்:
பெரல்மான் அதற்கு முன்பே துறையில் பெயர் வாங்கியவர். அவரை எந்தக் குழுவும் வாசலில் நிறுத்தியிருக்காது. சிற்றூர்க் கல்லூரி விரிவுரையாளரை நினைத்துப் பாருங்கள். புதியவரை அங்கே ஏற்கெனவே எழுதிவருகிற ஒருவர் பரிந்துரைக்க வேண்டும் என்ற விதி ஆர்க்கைவில் 2004-ல் வந்தது. அவருக்கு யாரைத் தெரியும்? குழுவில் அப்படிப்பட்ட ஒருவரை உட்கார வைப்பீர்களா, இல்லை வழக்கம்போல் பரிசு வாங்கியவர்கள் மட்டும்தானா?

கரிசல்காடு:
அந்த விரிவுரையாளருக்கு இடம் கொடுக்கலாம், மறுக்கவில்லை. நூலகர்களும் வரட்டும். ஓட்டு மட்டும் கிடையாது.

நூலக எலி:
அதற்குப் பெயர் நாற்காலி இல்லை, வராந்தா பெஞ்சு.