அபார்ட்மெண்ட் கேட்டுக்குள்ள நடந்த ஆக்ஸிடென்ட்டுக்கு யாரு பொறுப்பு?

மழைத்துளி77:
அபார்ட்மெண்ட் பேஸ்மென்ட்ல என் தங்கச்சி வீட்டுக்காரர் காரை ரிவர்ஸ் எடுத்திருக்கார், அதே நேரம் வளைவுலேர்ந்து இன்னொரு கார் வேகமா வந்து இடிச்சிருச்சு, இடிச்ச வேகத்துல இவர் கார் நகர்ந்து ஓரமா நடந்து போயிட்டிருந்த ஒரு வயசான அம்மா மேல பட்டு அவங்களுக்கு இடுப்பெலும்பு உடைஞ்சிருச்சு. வேகமா வந்தவர், இது ரோடு இல்ல, பிரைவேட் இடம், இங்க டிராஃபிக் சட்டமே செல்லாதுங்கிறார். அசோசியேஷனோ "வண்டிக்கு நாங்க பொறுப்பில்ல"ன்னு மாட்டின போர்டைக் காட்டுது. அப்ப அந்தம்மா ஆஸ்பத்திரி செலவை யாருதான் தர்றது?

நெடுவழி:
கேக்க கசப்பா இருந்தாலும் அவர் சொல்றதுல விஷயம் இருக்கு. இந்தியாவுல 1988 மோட்டார் வாகனச் சட்டம் 146-வது பிரிவு என்ன சொல்லுது? பொது இடத்துல ஓட்டினாதான் மூணாம் நபர் இன்ஷூரன்ஸ், அதாவது நம்ம வண்டியால அடுத்தவருக்கு வர்ற நஷ்டத்துக்கான இன்ஷூரன்ஸ், கட்டாயம். தாறுமாறா ஓட்டுற குற்றத்துக்கு பழைய இந்திய தண்டனைச் சட்டம் (ஐபிசி) 279, இப்ப அதுக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா 281, அதுவும் பொது வழின்னுதான் சொல்லுது. ஆக சட்டமே கேட்டுக்கு முன்னாடி ஒரு கோடு போட்டிருக்கு, அதை நாம இஷ்டத்துக்கு அழிக்க முடியாது.

சட்டப்புள்ளி:
கோடு இருக்கு நெடுவழி, ஆனா அந்தக் கோடு எதைப் பிரிக்குதுன்னு பாருங்க. 281 இல்லன்னா அதே சன்ஹிதாவுல 125 இருக்கே, கவனக்குறைவா நடந்து அடுத்தவருக்குக் காயம் உண்டாக்கினா தண்டனை, அதுல இடத்தைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. எலும்பு முறிஞ்சாலே அது கொடுங்காயம். வாகன விபத்துக்கு நஷ்ட ஈடு கேக்குற தனி கோர்ட்டான டிரிப்யூனலுக்கு அதிகாரம் தர்ற மோட்டார் வாகனச் சட்டம் 165-வது பிரிவும் வண்டியால வந்த காயம்னுதான் சொல்லுது, பொது இடம்னு சொல்லல. இடத்தை வச்சு மாறுறது எந்தப் பிரிவு, இன்ஷூரன்ஸ் கம்பெனி கட்டணுமா இல்லையாங்கிறது மட்டும்தான், ஓட்டினவன் தப்பு தப்புதான்.

அந்த "பொது இடம்" கூட நீங்க நினைக்கிற மாதிரி குறுகலானது இல்ல. பழைய 1939 சட்டத்தை வச்சு 1988-லயே பம்பாய் ஹைகோர்ட்டுல பல நீதிபதிகள் சேர்ந்த ஃபுல் பெஞ்ச் சொல்லிருச்சு, ஜனங்க போக உரிமை இருக்குற இடம்னா போதும், அந்த உரிமை டிக்கெட், பாஸ், அனுமதின்னு கட்டுப்பாட்டோட இருந்தாலும் அது பொது இடம்தான்னு. விருந்தாளி, டெலிவரி ஆளுங்கன்னு தினம் வந்து போற பார்க்கிங்குக்கு இதைத் தாராளமா வாதாடலாம்.

நெடுவழி:
இப்படியே இழுத்துட்டே போனா எங்க போய் நிக்கும்? ஸ்லோவேனியாவுல ஒரு பண்ணைக்குள்ள டிராக்டர் ரிவர்ஸ்ல வரும்போது ட்ரெய்லர் இடிச்சு ஏணியில இருந்தவர் விழுந்தார், 2014-ல ஐரோப்பிய நீதிமன்றம் அதுக்கும் கட்டாய வாகன இன்ஷூரன்ஸ் பொருந்தலாம்னு சொல்லிருச்சு. பிரிட்டன் வேண்டாம்டா சாமின்னு 2022-ல தனிச் சட்டம் போட்டு அந்தத் தீர்ப்பைத் தன் சட்டத்துலேர்ந்து எடுத்துடுச்சு, ஏன்னா எல்லார் பிரீமியமும் ஏறும். சொந்த நிலத்துல நடக்குறதுக்கு ஊரே ஏன் பணம் கட்டணும்?

சட்டப்புள்ளி:
பிரிட்டன் எடுத்தது தனியார் இடத்துக்கான கட்டாய இன்ஷூரன்ஸை மட்டும்தான். இடிச்சவன் மேல சிவில் கேஸ் போடுற உரிமையை அது தொடவே இல்ல. நீங்க ரெண்டையும் ஒண்ணாக் கலக்குறீங்க, அந்த ஓட்டுநரும் அதையேதான் பண்றார்.

கீதா_எம்:
ரெண்டு பேரும் டிரைவர்களையே பிடிச்சுட்டு நிக்கிறீங்க. இடத்தை வச்சிருக்கிறவங்க? அந்த வளைவுல கண்ணாடி இருந்துச்சா, லைட் எரிஞ்சுதா, வேகத்தடை உண்டா? முன்னாடியே யாராவது புகார் எழுதிக் கொடுத்தும் அசோசியேஷன் கண்டுக்காம விட்டிருந்தா அவங்களும் பங்கு ஏத்துக்கணும். போர்டு மாட்டிட்டா கை கழுவிடலாம்னு நினைக்கிறாங்க பாருங்க, எனக்கு அதுதான் தாங்கல. இங்கிலாந்துல 1977 சட்டம் வந்ததுலேர்ந்தே, கவனக்குறைவால வர்ற சாவுக்கும் காயத்துக்கும் எந்த வியாபார நிறுவனமும் நோட்டீஸ் ஒட்டித் தப்பிக்க முடியாது. இங்கயும் அந்தப் போர்டு கார்ல விழுற கீறலைப் பத்தி வேணா பேசட்டும், நடந்து போன அம்மா அதுல கையெழுத்தா போட்டாங்க?

நெடுவழி:
போர்டு விஷயத்துல உங்க பக்கம்தான் நானும். ஆனா ரிவர்ஸ் எடுத்தவரை எல்லாரும் மறந்துட்டீங்க. ரிவர்ஸ்ல வர்றவன்தான் முதல்ல பாத்து நிக்கணும், வேகமா வந்தவர் மேல மட்டும் மொத்தப் பழியும் போகாது.

சட்டப்புள்ளி:
போகாதுதான், ரெண்டு பேருக்கும் பங்கு வரும். ஆனா அந்தப் பங்குச் சண்டை அந்தம்மாவோட தலைவலி இல்ல. ரெண்டு பேர் தப்பும் சேர்ந்து மூணாவது ஆளுக்கு அடிபட்டா, அவங்க யார் ஒருத்தர்கிட்டயும் முழுத் தொகையையும் வாங்கலாம்னு 2015-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. கட்டினவர் மத்தவர்கிட்ட அப்புறம் வாங்கிக்கட்டும்.

மழைத்துளி, உங்க மாப்பிள்ளை முதல்ல அந்தம்மா குடும்பத்தைப் போய்ப் பாக்கட்டும், ஒதுங்கி நிக்க வேண்டாம். சிசிடிவி பதிவு கொஞ்ச நாள்ல தானா அழிஞ்சிரும், அதைப் பத்திரப்படுத்தச் சொல்லி அசோசியேஷனுக்கு இன்னைக்கே எழுத்துல கொடுங்க. வளைவு, லைட், கண்ணாடி எல்லாத்தையும் போட்டோ எடுங்க, அவங்க மாத்துறதுக்கு முன்னாடி. இன்ஷூரன்ஸுக்கும் உடனே தெரியப்படுத்தணும், பிரைவேட் இடம்னு அவங்க வாயால மறுத்தா ஏத்துக்காம காரணத்தை எழுதிக் கேளுங்க. டிரிப்யூனல் மனுவுக்கு 2019 திருத்தம் ஆறு மாசம்னு கெடு வச்சிருக்கு, அதை அந்தக் குடும்பத்துக்கும் சொல்லிடுங்க.

மழைத்துளி77:
லெட்டர் கொடுத்தாச்சு, வாங்கிக்கிட்டதுக்கு சீலும் போட்டு வாங்கிட்டேன். கண்ணாடி இருக்கு, ஆனா விரிசல் விட்டு ஒண்ணுமே தெரியல. போட்டோ எடுத்து வச்சிருக்கேன்.