கொக்கட்டிச்சோலை வீட்டுக்கு எந்த முற்கொடுப்பனவுத் திட்டம் பொருந்தும்?

படுவான்கரை வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கு அருகில் வசிக்கிறோம். வீட்டில் மூன்று கைத்தொலைபேசிகள் இருக்கின்றன, மூன்றும் முற்கொடுப்பனவு (பிரீபெய்ட்) இணைப்புகள். தேவைப்படும்போதெல்லாம் நூறும் இருநூறுமாக ரீலோட் போட்டுக்கொள்வதால் மாதத்துக்கு மொத்தம் எவ்வளவு போகிறது என்பது வீட்டில் எவருக்கும் சரியாகத் தெரியாது. இதனை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

தங்கை உயர்தரம் படிக்கிறாள். கிழமைக்கு நான்கு ஸூம் வகுப்புகள், ஒவ்வொன்றும் இரண்டு மணித்தியாலம், எல்லாம் மாலை ஆறு மணிக்குப் பிறகுதான். அப்பாவின் வயல் தாந்தாமலைப் பக்கம் இருக்கிறது. பெரும்போக வேளாண்மை கதிராகும் காலத்தில் யானைக் காவலுக்காக இரவில் வயலில் உள்ள குடிசையான வாடியிலேயே தங்கிவிடுவார். அவரிடம் இருப்பது பட்டன் போன். அம்மா வெள்ளிக்கிழமைகளில் கட்டாரில் உள்ள அண்ணனுடன் ஐமோ செயலியில் முகம் பார்த்துப் பேசுவார், மற்ற நாட்களில் அவருக்கு வட்ஸ்அப் போதும்.

கடையில் விசாரித்தபோது இரண்டு திட்டங்களைக் காட்டினார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை. ஒன்றில் 40 ஜீபி என்று பெரிய எழுத்தில் இருக்கிறது, மற்றதில் 18 ஜீபி மட்டுமே. பார்த்தவுடன் முதலாவதுதான் இலாபம் என்று தோன்றுகிறது, ஆனாலும் ஏன் ஒருவர் அதே காசுக்கு 18 ஜீபி வாங்குவார் என்ற சந்தேகம் விடவில்லை. மூவருக்கும் ஒரே நிறுவனத்தின் சிம் எடுப்பது நல்லதா என்பதையும் தெரிந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

களுவாஞ்சிகுடிக் கடைக்காரர் எழுதியது:

தம்பி, உங்கள் சந்தேகம் சரியானது. அந்த 40 ஜீபி திட்டத்தின் அட்டையைத் திருப்பி, கீழே சிறிய எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் 15 ஜீபி எந்நேரமும், 25 ஜீபி இரவு நேரம் என்பது போல ஒரு பிரிப்பு இருக்கும். இரவு நேரம் என்று நிறுவனங்கள் எழுதுவது நாம் இரவு என்று சொல்லும் ஏழு மணியோ எட்டு மணியோ அல்ல, அது நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கி விடிகாலையில் முடிந்துவிடும். மாலை ஆறு மணிக்கு வகுப்பில் அமரும் பிள்ளைக்கு அந்த 25 ஜீபி இருந்தும் இல்லாததுதான். மற்றத் திட்டத்தின் 18 ஜீபி முழுவதும் எந்நேரமும் பாவிக்கக் கூடியதாக இருந்தால், உங்கள் வீட்டுக்கு அதுவே பெரிய திட்டம்.

கடைக்கு வருபவர்கள் எத்தனை ஜீபி என்று கேட்கிறார்களே தவிர, எத்தனை நாள் என்று கேட்பவர்கள் குறைவு. செல்லுபடிக் காலம் 30 நாளா, 28 நாளா என்பது சிறிய வித்தியாசமாகத் தோன்றும். 28 நாள் என்றால் ஓர் ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை அல்ல, பதின்மூன்று முறை ரீலோட் போட வேண்டி வரும். ஏழு நாள் திட்டமென்றால் ஆண்டுக்கு 52 முறை. ஆகவே விலையை நாட்களால் வகுத்து, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று பார்த்து ஒப்பிடுங்கள். விளம்பரத்தில் உள்ள விலை வரியுடன் சேர்ந்ததா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 2024 ஜனவரியிலிருந்து வற் வரி மட்டுமே 18 வீதம். வரி தவிர்ந்த விலையைப் பார்த்து அதே தொகைக்கு ரீலோட் போட்டுவிட்டு, திட்டம் இயங்கவில்லை என்று திரும்பி வருபவர்களை நான் தினமும் காண்கிறேன்.

அம்மாவின் விடயத்தில் ஒரு எச்சரிக்கை. வட்ஸ்அப்புக்கு மட்டும், பேஸ்புக்குக்கு மட்டும் என்று மலிவான திட்டங்கள் உண்டு. வட்ஸ்அப் திட்டத்தை வைத்துக்கொண்டு ஐமோவில் பேசினால் அந்தப் பாவனை திட்டத்தில் கழியாது, பிரதான மீதியில்தான் கழியும். வட்ஸ்அப்பில் எவராவது அனுப்பும் யூடியூப் இணைப்பைத் தொட்டாலும் அதே கதைதான், ஏனெனில் அந்தக் காணொளி ஓடுவது வட்ஸ்அப்பில் அல்ல. அம்மாவுக்குச் சிறிய பொதுவான டேட்டா திட்டம் ஒன்றே பொருத்தம்.

இன்னொன்று. மீதி தானாகக் குறைகிறது என்று முறைப்பாடு சொல்பவர்களின் போனைப் பார்த்தால், சோதிடம், கிரிக்கெட் முடிவு, அழைப்பு இசை என்று ஏதாவது ஒரு சேவை இயங்கிக்கொண்டிருக்கும். எனது தாயாரின் இணைப்பிலும் அவர் கேட்காத சேவை ஒன்றுக்கு நாளாந்தம் காசு கழிந்துகொண்டிருந்தது. நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து, இயங்கும் சேவைகள் அனைத்தையும் நிறுத்துமாறு கேட்டால் நிறுத்துவார்கள். நிறுத்தாவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவின் 1900 இலக்கத்துக்கு முறையிடலாம்.

வந்தாறுமூலை மாணவி எழுதியது:

கடைக்கார ஐயா கூறியதுடன் உடன்படுகிறேன். ஆனால் இரவு டேட்டாவை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட வேண்டியதில்லை. விடுதியில் நாங்கள் விரிவுரைப் பதிவுகளையும் கடந்தகால வினாத்தாள் விளக்கங்களையும் நள்ளிரவுக்குப் பின் தரவிறக்கி வைத்து, பகலில் இணையம் இல்லாமலேயே பார்க்கிறோம். தங்கையின் ஆசிரியர் வகுப்பின் பதிவைத் தருபவராக இருந்தால், ஒரு வகுப்பைத் தவறவிட்டாலும் இரவு டேட்டாவால் ஈடுசெய்யலாம். அதற்காக உயர்தர மாணவி ஒருத்தி நள்ளிரவில் விழித்திருக்க வேண்டும் என்று நான் கூறவில்லை.

முக்கியமான கேள்வி, அவளுக்கு உண்மையில் எத்தனை ஜீபி தேவை என்பது. கிழமைக்கு எட்டு மணித்தியாலம் என்றால் மாதத்துக்கு ஏறத்தாழ 35 மணித்தியாலம். ஸூம் குழு வகுப்பில் சாதாரணத் தரத்தில் காணொளி பார்ப்பதற்கு நொடிக்கு 600 கிலோபிட் அளவு தேவைப்படுகிறது, அதாவது மணித்தியாலத்துக்கு 270 எம்பி. அப்படியானால் மாதத்துக்கு 9 ஜீபியைச் சற்றுத் தாண்டும். அதே வகுப்பு 720 என்ற உயர் தரத்தில் வந்தால் மணித்தியாலத்துக்கு 800 எம்பிக்கு மேல் போய், மாதக் கணக்கு 28 ஜீபியைத் தொட்டுவிடும். ஆசிரியர் தமது முகத்தைச் சிறு கட்டத்தில் வைத்துக்கொண்டு குறிப்புகளைத் திரையில் பகிர்ந்து கற்பிப்பவரென்றால் 3 ஜீபிகூட ஆகாது. ஒரே எண்ணிக்கை வகுப்புக்கு மூன்று ஜீபியும் ஆகலாம், இருபத்தெட்டு ஜீபியும் ஆகலாம் என்பதால், மற்றவர்களின் தங்கைக்கு எவ்வளவு போகிறது என்று கேட்பதில் பயனில்லை.

ஆகவே திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு கிழமை அளந்து பாருங்கள். போனின் அமைப்புகளில் டேட்டா பாவனை என்ற பகுதியைத் திறந்தால் ஸூம் எவ்வளவு, யூடியூப் எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டும். அதை நான்கால் பெருக்கி, சிறிது கூட்டினால் உங்கள் தேவை தெரிந்துவிடும். தங்கை தனது கெமராவை நிறுத்தி வைப்பதும், ஸூம் அமைப்பில் உயர் தரக் காணொளியை அணைத்து வைப்பதும் நல்லது. பிளே ஸ்டோரில் செயலிகள் வைஃபை உள்ளபோது மட்டும் புதுப்பிக்கப்படும்படி மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அறுபது எழுபது எம்பி சத்தமில்லாமல் போய்விடும்.

அக்கரைப்பற்று கோபுரத் தொழில்நுட்பவியலாளர் எழுதியது:

எல்லோரும் விலையையும் ஜீபியையும் பற்றிப் பேசுகிறீர்கள். நான் இடத்திலிருந்து தொடங்குவேன். வாடியில் சிக்னல் கிடைக்காத நிறுவனத்தின் திட்டம் இலவசமாகக் கிடைத்தாலும் உங்கள் தந்தைக்கு உதவாது. யானை வரப்பில் நிற்கும்போது அவருக்கு வேண்டியது ஒரேயொரு அழைப்பு, அது முதல் தடவையிலேயே கிடைக்க வேண்டும். ஆகவே அவரது தெரிவை மற்ற இருவரின் தெரிவிலிருந்து பிரித்து வைத்து, அதை முதலில் முடிவு செய்யுங்கள்.

அதற்குப் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. வெவ்வேறு நிறுவனங்களின் சிம் வைத்திருக்கும் அயலவர்களை வயலுக்கு அழைத்துச் சென்று, அவர் இரவில் இருக்கும் அதே பரணில் நின்று பேசிப் பாருங்கள். வாடிக்குள்ளும் பாருங்கள், ஏனெனில் தகரக் கூரை சிக்னலை நன்றாகவே மறைக்கும். அன்ட்ரொயிட் போனில் சிம் நிலை என்ற பகுதியில் சிக்னல் வலு கழித்தல் குறியுடன் எண்ணாகக் காட்டப்படும். 4ஜீயில் அது கழித்தல் 90 அளவில் இருந்தால் நல்லது, கழித்தல் 110 ஐத் தாண்டி 115, 120 என்று போனால் அந்த இடத்தை நம்ப வேண்டாம். கோடுகளின் எண்ணிக்கையை ஒவ்வொரு போனும் தன்பாட்டில் காட்டும் என்பதால் நான் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் தந்தையின் பட்டன் போன் 2ஜீ மட்டும் பிடிப்பதாக இருந்தால் 4ஜீ எண்ணைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. சிம்மை அவருடைய போனிலேயே போட்டுப் பார்க்க வேண்டும். 2ஜீ பெரும்பாலும் இயங்கும் 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை 4ஜீ பாவிக்கும் 1800 ஐ விடத் தூரம் போகும் என்பதால், 4ஜீ எட்டாத வயல்வெளியில் பழைய 2ஜீ அழைப்பு கிடைப்பது வழமையானது. பட்டன் போனை இளைஞர்கள் ஏளனமாகப் பார்க்கிறார்கள், காவலுக்கு அதைவிடச் சிறந்த போன் இல்லை என்பது என் எண்ணம். மின்கலமும் நாட்கணக்கில் நிற்கும்.

வாவிக் கரையோர வீடுகளுக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு. நீர்ப்பரப்பில் மறைப்பு எதுவும் இல்லாததால், உங்கள் போன் வாவியின் கிழக்கே உள்ள எழுவான்கரைப் பக்கத்துத் தூரக் கோபுரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கோடுகளை நிறையக் காட்டக்கூடும். வேகமோ இராது, ஏனெனில் அந்தக் கோபுரத்தை அக்கரையில் உள்ள நெரிசலான ஊர்களுடன் பகிர்ந்துகொள்கிறீர்கள். மாலை ஏழு மணிக்கு ஸூம் தடைப்பட்டுத் தடைப்பட்டு வந்தால், கூடுதல் ஜீபி வாங்குவதால் அது சீராகாது. தங்கை படிக்கும் மேசையில், படிக்கும் நேரத்தில் சோதித்துப் பார்த்துத்தான் நிறுவனத்தைத் தெரிவு செய்ய வேண்டும்.

மூவருக்கும் ஒரே நிறுவனமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பேன். மாரிக் காலத்தில் மின்சாரம் நீண்ட நேரம் தடைப்பட்டால் கோபுரத்தின் மின்கலங்கள் சில மணித்தியாலங்களில் தீர்ந்துவிடும், அப்போது வீட்டில் உள்ள மூன்று போன்களும் ஒன்றாக ஊமையாகிவிடக் கூடாது. ஆனால் இரண்டு சிம் இருக்கிறது என்பதற்காக இரண்டு வலையமைப்பு இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். 2018 இல் எடிசலாட் ஹட்ச்சுடன் இணைந்தது, ஆகவே 072 இல் தொடங்கும் எண்ணும் 078 இல் தொடங்கும் எண்ணும் ஒரே வீடு. 2024 ஜூனில் எயார்டெல் லங்கா டயலொக்குடன் இணைந்தது, ஆகவே 075 ஐ 077, 076, 074 ஆகியவற்றுக்கு மாற்று வழியாகக் கொள்ள முடியாது. 071 உம் 070 உம் மொபிட்டெல். உண்மையான மாற்று வேண்டுமென்றால் இந்த மூன்று கூட்டங்களில் இரண்டிலிருந்து சிம் எடுக்க வேண்டும்.

படுவான்கரை வாசி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. கடையில் கேட்டுப் பார்த்தேன், அந்த 40 ஜீபியில் பாதிக்கு மேல் நள்ளிரவுக்குப் பின்னர்தான். தங்கையின் பாவனையை இந்தக் கிழமை அளக்கத் தொடங்கியிருக்கிறோம். ஸூமை விட யூடியூப்தான் முன்னுக்கு நிற்கிறது, அதை வீட்டில் தனியாகப் பேசித் தீர்த்துக்கொள்கிறோம்.

வாடியில் அப்பாவின் தற்போதைய சிம்மை விட அயல் வயல்காரரின் சிம் தெளிவாக எடுக்கிறது. அப்பாவோ பழைய எண்ணை விடமாட்டேன் என்கிறார். அந்த எண்தான் வங்கியிலும் அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு விண்ணப்பத்திலும் கொடுக்கப்பட்டிருக்கிறது. என்ன செய்யலாம்?

களுவாஞ்சிகுடிக் கடைக்காரர் எழுதியது:

அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது, அந்த எண்ணை விட வேண்டாம். வங்கியின் குறுஞ்செய்தியும் இரகசிய இலக்கமும் வரும் எண்ணை நீண்ட காலம் ரீலோட் போடாமல் வைத்தால் நிறுவனம் இணைப்பைத் துண்டித்து, பிறகு அதே எண்ணை வேறொருவருக்கு வழங்கிவிடக்கூடும். சாதாரணப் பட்டன் போன்களிலேயே இரண்டு சிம் போடும் வசதி உள்ளவை தாராளமாகக் கிடைக்கின்றன. பழைய சிம் ஒரு பக்கம், வாடியில் எடுக்கும் சிம் மறுபக்கம். புதிய சிம்மை அழைப்பு எடுப்பதற்கு வைத்துக்கொண்டு அதற்கு எல்லா வலையமைப்புகளுக்கும் பேசக்கூடிய நிமிடத் திட்டத்தைப் போடுங்கள், தமது வலையமைப்புக்குள் மட்டும் இலவசம் என்பதை எடுக்க வேண்டாம், வீட்டில் உள்ளவர்கள் வேறு நிறுவனத்தில் இருக்கப் போகிறார்கள் அல்லவா. பழையதற்கு அதன் மீதி காலாவதியாகும் திகதியைப் பார்த்துச் சிறிய ரீலோட் ஒன்று போட்டு வந்தால் போதும்.

புதிய சிம்மை அப்பாவின் அடையாள அட்டையிலேயே பதியுங்கள், அவசரத்துக்கென்று உங்கள் பெயரில் எடுத்துக் கொடுக்க வேண்டாம். சிம் தொலைந்து அதே எண்ணை மீண்டும் எடுக்க வேண்டி வந்தால் பதிவில் உள்ளவரே அடையாள அட்டையுடன் வர வேண்டும் என்று கேட்பார்கள். கடன் ரீலோட் எடுக்கும் முறையை அவருக்குக் காட்டிக் கொடுங்கள். அதற்குச் சிறு கட்டணம் சேர்த்துத்தான் பின்னர் கழிப்பார்கள், இருந்தாலும் இரவில் வயலில் மீதி தீர்ந்துபோனால் அது கைகொடுக்கும்.