ஒரே வரியில் மூணு சாமான்: செக்லிஸ்ட் ஆப்பில் உங்களுக்கு நடந்தது என்ன?

மன்னைப்பொண்ணு:
குடும்பத்துக்கு ஒரு லிஸ்ட் ஆப் எல்லார் வீட்டுலயும் இருக்கும், நேரா விஷயத்துக்கு வரேன். அப்பா திதிக்கு முதல் நாள் அம்மா மைக்கை அழுத்தி "எள்ளு தர்ப்பை வாழையிலை"ன்னு சொல்லியிருக்காங்க. மூணும் ஒரே வரியா ஏறிடுச்சு. தம்பி மார்க்கெட்ல இலை வாங்கிட்டு டிக் போட்டான். இலையை மட்டும் குறிக்க அதுல வழி இல்ல. டிக் விழுந்ததும் அந்த வரி கீழே போய் மறைஞ்சிடுச்சு. மத்த ரெண்டும் அதோட போச்சு.

காலைல ஐயர் வந்து உட்கார்ந்து தர்ப்பை கேட்டார். அம்மா போனைத் திறந்து அந்த டிக்கையே பார்த்துட்டு நின்னாங்க. "வாங்கியாச்சுன்னு காட்டுச்சேடி"ன்னாங்க. எள்ளு எதிர்வீட்டுல கிடைச்சது, தர்ப்பையை ஐயரே தன் பையிலிருந்து எடுத்தார். திதி குறையில்லாம நடந்துச்சு. ஆனா அம்மா அப்புறம் அந்த ஆப்பைத் தொடவே இல்ல. எனக்கு அதுதான் ஆறல.

நைட்ஷிப்ட்:
ஆப் மேல பழி போடாதீங்க. லிஸ்ட்ல ஒரு வரின்னா ஒரு வேலை, அதைச் சேர்க்கும்போதே பிரிச்சுப் போடணும். எங்க டீம்ல "சர்வர் நிறுத்து, பேக்கப் எடு, அப்டேட் போடு"ன்னு ஒருத்தர் ஒரே ஐட்டமா எழுதி வச்சிருந்தார். ராத்திரி ரெண்டு மணிக்கு அதுல டிக் இருந்துச்சு, பேக்கப் இல்ல. என் கதை அவ்வளவுதான்.

செய்ய வேண்டியதைச் சொல்றேன். கூகுள் கீப்ங்கிற குறிப்பு ஆப்ல முதல்ல சாதாரண நோட்டா வரிக்கு ஒண்ணா எழுதுங்க. அப்புறம் செக்பாக்ஸா மாத்துங்க, ஒவ்வொரு வரிக்கும் தனிக் கட்டம் வரும். ட்ரெல்லோன்னு டீம் வேலைகளைப் பிரிச்சு வைக்கிற ஆப்லயும் செக்லிஸ்ட்ல பத்து வரியை மொத்தமா பேஸ்ட் பண்ணினா பத்து ஐட்டமா பிரிஞ்சு விழும். டூடூயிஸ்ட்ங்கிற வேலைப் பட்டியல் ஆப்ல பல வரி ஒட்டினா தனித்தனி வேலையா சேர்க்கவான்னு கேட்கும். எல்லாத்துக்கும் என்டர் தட்டுறதுதான் அடிப்படை. காற்புள்ளி போட்டா பிரியும்னு நம்பாதீங்க. அடிக்கடி வர்ற விசேஷத்துக்கு ஒரு மூல லிஸ்ட் வச்சுக்கிட்டு காப்பி எடுங்க. லிஸ்டைச் சேர்க்கிறவர் ஒருத்தராகவே இருக்கட்டும்.

ஆர்க்மோட் அன்பன்:
நைட்ஷிப்ட் சொல்றதை முழுசா ஏத்துக்க முடியல. மனுஷங்க சேர்த்துச் சொல்லத்தான் செய்வாங்க, பாதி முடிஞ்சதைக் காட்ட கருவிக்குத் தெரியணும். ஈமாக்ஸ்ங்கிற கம்ப்யூட்டர் எடிட்டர்ல குறிப்பும் வேலைப் பட்டியலும் எழுத இருக்கிற ஆர்க்-மோடைப் பாருங்க. கார்ஸ்டன் டொமினிக்ங்கிற வானியலாளர் 2003ல ஆரம்பிச்சது. ஆல்ட்-ஷிப்ட்-என்டர் தட்டினா அடுத்த கட்டம் ரெடி. "திதி சாமான்"க்குக் கீழே மூணு உட்கட்டம் போட்டு இலைக்கு மட்டும் டிக் அடிச்சா, மேல்கட்டத்துல ஒரு சின்னக் கோடுதான் விழும். பக்கத்துல 1/3ன்னு எண்ணும் காட்ட வைக்கலாம். முடியாத வேலை முடிஞ்ச மாதிரி தெரியாது. தம்பி மேலயும் தப்பில்ல.

ஓ.டி. சிஸ்டர்:
எனக்கு உறுத்துறது இதுக்கு நேரெதிர், லிஸ்ட்ல ஐட்டம் அளவுக்கு மேல சேர்றதுதான். உலக சுகாதார நிறுவனம் 2008ல வெளியிட்ட அறுவை சிகிச்சை செக்லிஸ்ட்ல 19 ஐட்டம்தான். மயக்க மருந்துக்கு முன்னாடி, கத்தி வைக்கும் முன்னாடி, நோயாளி தியேட்டரை விட்டுப் போகும் முன்னாடின்னு மூணு இடத்துல நின்னு சத்தமா வாசிக்கணும். அந்தந்த ஊர் வழக்கத்துக்கு ஏத்தபடி சேர்த்துக்கலாம்னு அந்தத் தாள்லயே இருக்கு.

நான் முன்னாடி வேலை பார்த்த இடத்துல அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தினப்போ "புது ஐட்டம்" பட்டனை எல்லாருக்கும் திறந்து விட்டாங்க. பில்லிங் கேட்டது, ஸ்டோர் கேட்டதுன்னு லிஸ்ட் நீண்டுக்கிட்டே போச்சு. ஒருநாள் வாசிக்கிறவங்க திரையைப் பார்க்காமலே டிக் டிக்னு இறங்குறாங்க. டிரெயினிங் பொண்ணு ஒண்ணு மட்டும் "சிஸ்டர், ரத்தம் ஒத்துற காஸ் துணி ஒண்ணு குறையுது"ன்னு சொன்னா. தையல் போடுற கை அப்படியே நின்னுச்சு. துணி மடிப்புக்குள்ள இருந்து எடுத்தோம். டிக் அதுக்கு முன்னாடியே விழுந்திருந்துச்சு. அந்தப் பட்டனை அன்னைக்கே பூட்டியிருக்கணும், பூட்டல.

மன்னைப்பொண்ணு:
சிஸ்டர், படிக்கும்போதே உடம்பு பதறுது. அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்.

நைட்ஷிப்ட் சார், அம்மாவுக்குக் கண் சரியாத் தெரியாது, அதான் மைக். வரி வரியா டைப் பண்ணச் சொல்ல முடியாது. ஈமாக்ஸும் எங்க வீட்டுக்கு ஆகாது. தமிழ்ல பேசும்போது ஒவ்வொரு சாமானுக்கும் நடுவுல கொஞ்சம் நிறுத்தினா தனி ஐட்டமா ஏத்துற ஆப்பை யாராவது கையால பயன்படுத்திப் பார்த்திருந்தா மட்டும் பேர் சொல்லுங்க. அடுத்த திதிக்குள்ள அம்மா போன்ல போட்டுக் கொடுக்கணும்.