கினபாலு பூங்காவுக்கு அம்மாவோடு போகிறோம், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. நாங்கள் கோலாலம்பூர், செந்தூலில் இருக்கிறோம். பள்ளி விடுமுறையில் அம்மாவையும் பிள்ளைகளையும் சபா மாநிலத்துக்குக் கூட்டிப்போய், கோத்தா கினபாலுவில் கார் வாடகைக்கு எடுத்து கினபாலு தேசியப் பூங்காவுக்குப் போகலாம் என்றிருக்கிறோம். ஏறத்தாழ 90 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம் என்கிறார்கள், ஆனால் பாதிக்கு மேல் மலைப்பாதை, மதியத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கிவிடும் என்றும் சொல்கிறார்கள், அதனால் மைவி போன்ற சின்ன கார் ஐந்து பேரையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு ஏறுமா, இல்லை பெரிய வண்டியாக எடுப்பதா?

கினபாலு மலையின் 4,095 மீட்டர் உச்சிக்கு அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும், அது எங்களுக்கு வேண்டாம். பூங்கா அலுவலகத்தைச் சுற்றியுள்ள காட்டுப்பாதைகளில் நடந்தால் போதும். சீலாவ் சீலாவ் ஓடையோரப் பாதையை நினைத்திருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. பத்துமலையின் 272 படிகளை நின்று நின்று ஏறிவிடுவார், இறங்கும்போதுதான் கைப்பிடியை விடவே மாட்டார். மழைக்குப் பிறகு அந்தப் பாதையில் வேர்கள் வழுக்குமா, பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்குமா? நடந்து பார்த்தவர்கள் இதைக் கட்டாயம் சொல்லுங்கள், எனக்கு இதுதான் பெரிய கவலை.

அப்புறம், போரிங் வெந்நீரூற்றுப் பக்கம் ரஃப்லேசியா என்ற ராட்சதப் பூ பூத்தால் சாலையோரம் பலகை வைப்பார்களாம். சில நாளில் வாடிவிடும் பூ என்பதால், சமீபத்தில் யாராவது பார்த்திருந்தால் உடனே எழுதுங்கள், மகள் ரொம்ப ஆசைப்படுகிறாள். அம்மா சுத்த சைவம். பூங்காவுக்குப் பக்கத்து ஊரான குண்டாசாங்கில் சைவச் சாப்பாடு கிடைக்குமா, இல்லை ரைஸ் குக்கரைக் கொண்டுபோவதா?